கடல் தாண்டிய அட்டைப்படம்

தடால் என்று ஒரு சத்தம். பின்னாலேயே கண்ணாடி உடையும் சத்தம். அதற்கும் பின்னால், "போச்சு, என் டீ போச்சு" என்று ஒட்டு மாஸ்டரின் குரல்.

கூரியர்க்காரர் தோளிலிருந்து இறக்கிய கட்டு அப்படிப்பட்டது. அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தின் நடு மேசைக்கு ஏற்கெனவே ஒரு கால் குட்டை. விற்காமல் திரும்பி வந்த இதழ்களை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டு விழுந்த வேகத்தில் முட்டு சரிந்தது, மேசை சாய்ந்தது, டீ கிளாஸ் தரைக்குப் போயிற்று.

"வெளிநாட்டுத் தபால். கையெழுத்து போடுங்க."

"என்னப்பா, அந்த நாட்டையே பொட்டலம் கட்டிக் கொண்டாந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் செருப்பால் கண்ணாடித் துண்டுகளை ஓரம் தள்ளினார். கத்தரியும் பசையும் வைத்துப் பக்கம் ஒட்டிய காலத்து மனிதர். இப்போது கம்ப்யூட்டரில்தான் எல்லாம் என்றாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கட்டைப் பிரித்தவள் ஊசி. அவள் எழுத்து சுருக்கென்று தைப்பதால் வந்த பெயர் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இருந்த ஒல்லியைப் பார்த்து மாஸ்டர் வைத்த பெயர்.

உள்ளே வழுவழுவென்று வெள்ளைத் தாள்கள். மேலே தங்க நிறத்தில் முத்திரை. கடலுக்கு அந்தப் பக்கம், இந்த ஊரில் பாதிப் பேர் வரைபடத்தில்கூடத் தேடிப் பார்க்காத ஒரு நாட்டின் நீதிமன்றம். வழக்குப் போட்டவர் வள்ளல். மானம் போய்விட்டதாம். போக்கடித்தவர்கள் பத்திரிகை, பத்திரிகையின் முதலாளி, மூன்றாவதாக ஊசி.

வள்ளல் என்பது ஊர் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தால் ஒவ்வொரு இறக்கையிலும் தன் பெயரை எழுதிக் கொடுக்கிற ரகம். கரண்ட் போனால்தான் அவர் புகழைப் படிக்க முடியும். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு தொழிற்சாலை. லாரி லாரியாகப் பழைய பேட்டரிகள் வரும். அவற்றை உடைத்து, அமிலத்தைக் கவிழ்த்து, ஈயத்தைச் சுரண்டி எடுத்து உருக்குவார்கள். உடைப்பதும் கவிழ்ப்பதும் சுரண்டுவதும் பெண்கள். வெறுங்கையால்.

ஊசி அதைத்தான் எழுதினாள். அட்டைப்படமாக இரண்டு கைகள் மட்டும். அங்கே வேலை பார்த்து வெளியே தள்ளப்பட்ட ஓர் அம்மாவின் கைகள். உள்ளங்கையில் தோல் ஈரக் காகிதம்போல் பிரிந்து நின்றது. விரல் நுனிகள் தேய்ந்துபோன சோப்புத் துண்டுகள்போல் வழவழவென்று இருந்தன. படம் எடுத்த அன்று அந்த அம்மா கைகளை நீட்டிக்கொண்டே, "மூஞ்சி வேணாம் பாப்பா. கையை எவனும் அடையாளம் கண்டுபுடிக்க மாட்டான்" என்று சிரித்தாள்.

உள்ளூரில் வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று வள்ளலுக்குத் தெரியும். தொழிற்சாலையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று உள்ளூர் நீதிபதிக்குத் தோன்றிவிடலாம். கடல் தாண்டி இருக்கிற நீதிபதிக்கு அப்படித் தோன்றாது.

*

முதலாளி, ஊசி, மாஸ்டர் மூவரும் போய் உட்கார்ந்த வக்கீலின் அறையில் ஏசி இருந்தது. ஓடவில்லை. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே பிழிகிற பதத்துக்கு வந்திருந்தது.

"நம்ம இதழ் பக்கத்து ஊருக்குப் போனாலே பாதிக் கட்டு திரும்பி வருது சார். இன்டர்நெட்லயும் நாம இல்ல. சும்மா கெடைச்சா எவன் காசு கொடுத்து வாங்குவான்னு நான்தான் வேணாம்னேன். அந்த நாட்டுல எப்படி சார் கேஸ் போட முடியும்?"

"அங்க ஒருத்தர் படிச்சிருந்தாப் போதும். வள்ளலுக்கு அங்கயும் ஒரு ஆபீஸ் இருக்கு, நாலு பெரிய மனுஷங்க பழக்கம் இருக்கு. அந்த மண்ணுல அவர் மானம் போச்சுன்னு காட்டணும். காட்டிட்டாங்க." வக்கீல் ஒரு தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். "யாரு இந்தப் பொண்ணு?"

தாளில் இருந்தது அவர்கள் பத்திரிகையின் பக்கமேதான். 'கடல் தாண்டியும் நாம்' என்ற தலைப்பு. அந்நிய நாட்டு நீரூற்று ஒன்றின் முன்னால், குளிர் கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நெஞ்சுக்கு நேரே அந்த இதழ். அந்த இரண்டு கைகள்.



"எங்க அக்கா" என்றாள் ஊசி.

வக்கீலுக்கு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. போட்டிப் பத்திரிகை ஒன்றில், வெளிநாட்டு வாசகர்கள் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்கள் வாராவாரம் வந்தன. முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. நமக்கும் அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்றார். பக்கம் வந்தது, படம் வரவில்லை. வெளிநாட்டில் வாசகர் இருந்தால்தானே வரும். அலுவலகத்தில் யார் யாருக்கு அத்தை மகன், சித்தி மகள் வெளிநாட்டில் இருக்கிறார்களோ அவர்களுடைய சுற்றுலாப் படங்களை வாங்கி, கையில் இருப்பதை எடுத்துவிட்டு இதழின் அட்டையை வைத்து ஒட்டுவது மாஸ்டரின் வேலையாயிற்று. ஐஸ்கிரீம், குடை, ஒருமுறை ஒரு கைக்குழந்தை, எல்லாம் இதழாக மாறின. அந்த வாரம் யாருமே அகப்படவில்லை. பக்கம் முடிக்கிற நேரத்தில் முதலாளி கழுத்தில் உட்கார்ந்ததால் ஊசி தன் போனிலிருந்து அக்கா படத்தை எடுத்துக் கொடுத்தாள். தள்ளுபடியில் வாங்கிய செருப்புப் பெட்டியோடு அக்கா நின்ற படம். வெந்த கைகள் போய் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தன. அன்றைக்கு எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவளும்தான்.

"கட்டைவிரலை மட்டும் வெளியில விட்டு வெட்டினேன் பாருங்க" என்றார் மாஸ்டர், தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய். "நிழல்கூட சரியா விழுது."

"பெருமைப்படற நேரமாய்யா இது?" என்றார் முதலாளி.

ஊசி நிமிர்ந்தாள். "அப்ப சுலபம்தானே சார்? ஒட்டின படம்னு சொல்லிடுவோம். ஒரு பிரதிகூட அங்க போகலை. அக்காவே சாட்சி சொல்லுவா."

"சொல்லலாம்மா. அதுக்கு அடுத்த கேள்வி என்ன வரும்?" வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "உள் பக்கத்துல ஒட்டுவீங்க, அட்டையில ஒட்ட மாட்டீங்களான்னு கேப்பான். செருப்புப் பெட்டிமேல கையை ஒட்டின அதே ஆளு, அந்தக் கையையே எங்கயிருந்தாவது எடுத்து ஒட்டியிருக்க மாட்டாரான்னு கேப்பான். நான் அந்தப் பக்கம் வக்கீலா இருந்தா முதல்ல அதைத்தான் கேப்பேன்."

வக்கீல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரே வழிதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரி வந்து, இது என் கைன்னு சத்தியம் பண்ணிக் காட்டணும். அவங்க நம்ம பக்கம் இருந்தா, நீங்க ஒட்டின ஒட்டுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டுக்கூடத் தப்பிச்சுக்கலாம். கட்டுரை நிக்கும். இல்லேன்னா அந்த ஊர்லயே போய்ச் சண்டை போடணும். அங்க வக்கீல் கொட்டாவி விட்டாலும் பில் வரும். அச்சாபீஸை வித்தாலும் தாங்காது."

அன்று மாலை அக்காவே போன் செய்தாள். "ஏண்டி, அந்தச் செருப்பு காலைக் கடிச்சது போதாதா? ஒருத்தன் கோட்டு சூட்டோட வந்து கதவைத் தட்டி, இந்தப் பத்திரிகையைப் படிச்சீங்களான்னு கேக்கறான். உங்க மாமா பயந்துபோய், நாங்க எந்தக் காலத்துலயும் எதையும் படிச்சதே இல்லைன்னுட்டார். அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்."

"செருப்புப் பெட்டிதான்னு எழுதிக் கொடுப்பியாக்கா?"

"பெட்டியையே கொடுக்கறேன். பொத்தானும் நூலும் போட்டு வெச்சிருக்கேன்."

*

வழக்கு இன்னும் கடலுக்கு அந்தப் பக்கமே இருந்தது. பயம் மட்டும் முன்னாலேயே வந்து இறங்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

முதலாளி எல்லாப் பக்கத்தையும் தானே படிக்க ஆரம்பித்தார். தொடர்கதையில் வில்லன் ஆலை முதலாளி. அடுத்த வாரம் அவன் திடீரென்று சர்க்கஸ் முதலாளி ஆனான். கதாநாயகியை ஆலை லாரி மோதுவதாக இருந்தது, யானை மோதிற்று. ராசிபலன் எழுதுகிறவரைக் கூப்பிட்டு, 'பெரிய மனிதரால் தொல்லை' என்ற வரியை எந்த ராசிக்கும் போட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. "கிரகம் சொல்றதை நான் என்ன சார் பண்றது?" என்றார் அவர். "கிரகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வராதுய்யா, எனக்கு வரும்" என்றார் முதலாளி.

தினசரி ஒன்றில் வேலை பார்க்கும் தோழி, கேன்டீன் மூலையில் ஊசியிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவர்களிடமும் அந்தத் தொழிற்சாலையின் கழிவுநீர் பற்றிய செய்தி தயாராக இருந்ததாம். "உங்களுக்கு வந்த கட்டோட படத்தை யாரோ எங்க எடிட்டருக்கு அனுப்பினாங்க. எடை எவ்வளவுன்னு மட்டும் கேட்டார். செய்தி அப்படியே குப்பைக்குப் போயிடுச்சு."

"தண்ணி?"

"அது ஓடிக்கிட்டுதான் இருக்கு."

ஊசிக்கு அந்தக் கேன்டீன் காபி அமிலம்போல் தொண்டையில் இறங்கியது.

அவள் தொழிற்சாலைச் சந்துக்குப் போனாள். சந்து முழுக்க ஈயப் புகையின் இனிப்பான, குமட்டுகிற வாடை. சாக்கடை ஓரத்தில் முளைத்த புல்கூட வெந்த நிறத்தில் இருந்தது. அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் திறந்தது மகள். புத்தம் புதிய நீலச் சட்டை, பையில் வள்ளல் கம்பெனியின் சின்னம்.

"அம்மா இல்ல."

"எப்ப வருவாங்க?"

"வந்தாலும் உங்களைப் பாக்க மாட்டாங்க. எனக்கு ஆபீஸ்ல வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க. உள்ள பேட்டரி உடைக்கிற வேலை இல்ல, ஃபேன் கீழ உக்காந்து பாக்கிற வேலை. கெடுத்துடாதீங்க." கதவு பாதி மூடியது. அந்தப் பாதி வழியாக அவள் சொன்னாள்: "அம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க. அது அவங்க கை இல்லைன்னு."

*

மகள் சொன்னது பொய்யில்லை. அந்தப் பத்திரத்தின் நகல் வக்கீலுக்கு வந்து சேர்ந்தது. கடல் தாண்டிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சத்தியப் பத்திரம். படத்தில் இருப்பவை என் கைகள் அல்ல, என் கைகள் நலமாக உள்ளன, பத்திரிகைக்காரி என்னைப் பார்க்கவே இல்லை என்று அந்த அம்மா சொல்வதாக எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் கீழே ஊதா மையில் பெருவிரல் ரேகை. சுழி சுழியாக, கோலம் போட்டதுபோல் அவ்வளவு தெளிவு.

"இது பொய்ப் பத்திரம்னு மட்டும் காட்ட முடிஞ்சா, வள்ளல் கேஸைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஓடணும்" என்றார் வக்கீல். "பொய்ச் சத்தியத்தைக் கொண்டாந்தவனை அந்த ஊர் நீதிபதி சும்மா விட மாட்டார். ஆனா கைநாட்டு கல்லுல வெட்டின மாதிரி இருக்கேம்மா. நான் என்ன பண்ண?"

ஊசி அந்த ஊதா ரேகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த அம்மாவின் கைகளுக்கு அவள் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சோறு பிசைய முடியவில்லை என்று கரண்டி கேட்டபோது, தன் வீட்டுக் கரண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாவின் மீதே அருவருப்பு வந்தது. வந்ததற்காகத் தன் மேலும் வந்தது.

மறுநாள் முதலாளியின் மேசையில் வெல்வெட் நாடா கட்டிய ஒரு பெட்டி இருந்தது. நிறைய முந்திரி. வள்ளல் கம்பெனியின் ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. வந்திருந்த வக்கீல் ஏற்கெனவே பாதிப் பெட்டியைக் காலி செய்திருந்தார். பேசும்போது உதட்டோரத்தில் முந்திரித் தூள் ஏறி இறங்கியது.

"சமாதானம் பேசியாச்சும்மா" என்றார் முதலாளி. ரொம்ப நாள் கழித்து அவர் கழுத்து காய்ந்திருந்தது. "முதல் பக்கத்துல மன்னிப்பு. அவங்க கேஸை வாபஸ் வாங்கிடுவாங்க. அதோட…" குரலைக் கொஞ்சம் மெழுகினார். "வருஷம் முழுக்கப் பின்னட்டை விளம்பரம் அவங்களுது."

"பேட்டரி விளம்பரமா சார்?"

"இல்லம்மா. சோப்பு. புதுசா சோப்பு போடறாங்களாம். கை கழுவற சோப்பு."

ஊசி சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"என்னம்மா பண்றது?" என்றார் முதலாளி, கொஞ்சம் கெஞ்சலாகவே. "யானை காலை மிதிச்சா, அந்த யானைகிட்டயே தைலம் வாங்கித் தடவிக்கறதுதான் புத்தி. இங்க இருவது குடும்பம் சாப்பிடுது. மன்னிப்பை நீயே எழுது. உன் பேர் வரணும்னு அவங்க கேட்டிருக்காங்க."

"என்னன்னு எழுதணும்?"

"அட்டைப்படம் ஒட்டு வேலை, அந்தக் கை எந்தத் தொழிலாளியோட கையும் இல்லைன்னு. பெரிய பொய்யும் இல்லையே? நாம ஒட்டறவங்கதானே? ஒட்டினதை ஒத்துக்கிட்டோம், அவ்வளவுதான்."

"ஒட்டினது செருப்புப் பெட்டியைத்தான் சார்."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்." அவர் ஒரு முந்திரியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "எடுத்துக்க. வறுத்தது."

அவள் வெளியே வந்து நடு மேசையில் உட்கார்ந்தாள். மேசைக் காலுக்கு இப்போது புது முட்டு. விற்காத கட்டு ஒன்றை மாஸ்டர் வைத்திருந்தார். மேலிருந்த அட்டையில் அந்த இரண்டு கைகள், மேசையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு. ஊசி கம்ப்யூட்டரைத் திறந்து, 'வருந்துகிறோம்' என்று அடித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. வராமலில்லை, வாந்திபோல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"நாலு வரிதானேம்மா" என்றார் மாஸ்டர் மெதுவாக. "சோப்பு விளம்பரம்கூட ரெடி. பக்கம் போகணும். ரெண்டு கை, நுரையோட, பளபளன்னு. அதையும் நான்தான் ஒட்டினேன்."

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. முந்தானையால் கைகளைச் சுற்றி மூடிக்கொண்டு அந்த அம்மா நின்றாள். வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பாப்பா, என்மேல கேஸ் போடப் போறீங்களாமே? பொய் சொன்னவளைப் புடிச்சு உள்ள போடுவாங்கன்னு மேஸ்திரி சொல்றாரு. மக வேலைக்காகத்தான் சரின்னேன். அவளையாவது அந்த ஆசிட் தொட்டியில எறக்காம இருப்பாங்கன்னு."

"யாரும் உங்க மேல கேஸ் போடலை" என்றாள் ஊசி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போங்க. நாங்களும் உங்க கை இல்லைன்னுதான் எழுதிக்கிட்டிருக்கோம். ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் இப்ப."

"அப்படிப் பேசாத கண்ணு."

"வேற எப்படிப் பேசறது? உங்களுக்காகக் கோர்ட்டுல நிக்கலாம்னு இருந்தேன். நீங்க நல்லா அழுத்தி வெச்சிருக்கீங்க. நான் பாத்தேனே. ஒரு கோடுகூடக் கலையாம, பளிச்சுனு."

அந்த அம்மா புரியாமல் மாஸ்டரைப் பார்த்தாள்.

"எது பளிச்சுனு?"

"உங்க கைநாட்டுதான். பத்திரத்துல."

அந்த அம்மா முந்தானையை மெல்லப் பிரித்தாள். வலது பெருவிரலை ஊசியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். தேய்ந்த சோப்புத் துண்டுபோல் வழவழவென்று, கோடோ சுழியோ எதுவுமே இல்லாத விரல். நகக்கண்ணில் மட்டும் கழுவியும் போகாத ஊதா மை.

"இதுல ஏது பாப்பா ரேகை? மையில முக்கி முக்கி அமுத்திப் பாத்தாங்க, வெறும் மைத் திட்டாத்தான் விழுந்துச்சு. கடைசியில வாசல்ல நின்ன வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவன் விரலைப் புடிச்சுப் பத்திரத்துல அமுத்திக்கிட்டாங்க."